மஞ்சள் தொண்டைச் சிட்டும் ஒரு சிறுவனின் சந்தேகமும்: பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கை

இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பம்பாயின் கேத்வாடி பகுதியில் ஒரு பெரிய முஸ்லிம் கூட்டுக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறு துப்பாக்கியால் குருவி சுடுவது ஒரு பொழுதுபோக்கு. சுட்ட குருவியை உயிர் போவதற்குள் முறைப்படி அறுத்துச் சமையல்காரரிடம் கொடுத்தால் அது வறுவலாகித் தட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் பத்து வயதை ஒட்டிய சிறுவன் ஒருவன் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில், குழம்பு சிந்திய கறைபோல மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அப்படி ஒரு திட்டு கிடையாது. அப்படியானால் இது என்ன பறவை? ஒரு முஸ்லிம் இதை உண்ணலாமா, கூடாதா? சிறுவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குருவியைச் சமையல்கட்டுக்கு அனுப்பாமல் மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனான்.

மாமா அமீருத்தீன் தய்யிப்ஜிக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரியாது என்பதற்காக அவர் பிள்ளையை விரட்டிவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பழக்கமில்லாத சிறுவன், காகிதப் பொட்டலத்தில் செத்த குருவியோடு, நடுக்கத்துடன் அந்தக் கட்டிடத்தின் வாசலில் நின்றான்.

மில்லர்டு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்காது. பதப்படுத்திய பறவைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்தியாவில் எத்தனை வகைச் சிட்டுகள் உண்டு, ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்று அந்தப் பிள்ளைக்கு விளக்கினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பறவைகளைப் பதப்படுத்தும் முறையைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார்.

அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. முழுப்பெயர் சாலிம் மொய்ஸுத்தீன் அப்துல் அலி. பிற்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் பற்றி உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இவரிடம்தான் கேட்க வேண்டும் என்ற நிலைக்கு உயர்ந்தவர்.

யத்தீமாக வளர்ந்த பிள்ளை

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு சுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பல பிள்ளைகள், இவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாய் ஜீனத்துன்னிஸாவும் மறைந்தார். யத்தீம்களாகிப்போன பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீனும், பிள்ளைப்பேறு இல்லாத அவருடைய மனைவி ஹமீதா பேகமும் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தய்யிப்ஜி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

வசதியான குடும்பம் என்றாலும் சாலிம் படிப்பில் சிறந்து விளங்கவில்லை. பதின்மூன்று வயதை ஒட்டித் தீராத தலைவலி வந்தது. பள்ளிக்கு அடிக்கடி போக முடியவில்லை. வறண்ட காற்று உடம்புக்கு நல்லது என்று சிந்து மாகாணத்திலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒருவழியாக 1913இல் மெட்ரிகுலேஷன் தேறினார். செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தவர் முதலாண்டிலேயே தடுமாறி நின்றுவிட்டார்.

பிறகு குடும்பத் தொழிலைக் கவனிக்க பர்மாவின் தவாய்ப் பகுதிக்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு டங்ஸ்டன் கனிமச் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. கணக்குப் புத்தகத்தைவிடச் சுற்றியிருந்த காடு அவரை அதிகம் இழுத்தது. வியாபாரம் செழிக்கவில்லை. 1917இல் பம்பாய் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் இருந்த பாதிரியார் பிளாட்டர் இவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுபிடித்து விலங்கியலும் படிக்க வைத்தார். காலையில் ஒரு கல்லூரி, பிறகு இன்னொன்று என்று ஓடினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்துடன் திருமணம் நடந்தது.

இவ்வளவு படித்தும் பல்கலைக்கழகப் பட்டம் என்று ஒன்று கையில் இல்லை. அது பின்னால் அவரை நன்றாகவே பதம் பார்த்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் காலியானபோது, பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது அவருக்குக் கிடைக்காமல் போனது. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை மாதம் 350 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் அதைச் செய்தார். தமக்குத் தெரிந்தது போதாது என்று தோன்றியதும், 1928இல் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் பயணத்தைத் தொடரும் கலையையும் ஜெர்மனியில்தான் நேரில் பார்த்துக் கற்றார்.

வேலை போன பிறகு கிடைத்த தூக்கணாங்குருவி

1930இல் நாடு திரும்பியவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. நிதி இல்லை என்று அவருடைய பணியிடத்தையே நீக்கியிருந்தார்கள். முப்பத்து மூன்று வயது. கையில் பட்டமில்லை, வேலையுமில்லை. நகரத்தில் குடித்தனம் நடத்த வழியில்லாமல், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்கு மனைவியுடன் போய்க் குடியேறினார்.

அங்கே வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் முழுக்க அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏணி ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் மறைப்புத் துணி கட்டி, மணிக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

தூக்கணாங்குருவிக் கூட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பனை ஓலையிலும் கிணற்றோர மரத்திலும் குடுவை போலத் தொங்கும் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதையை அவர்தான் முறையாகக் கண்டு எழுதினார். ஆண் குருவி புல்லிழைகளைக் கிழித்து வந்து கூட்டைப் பாதிவரை பின்னுகிறது. பெண் குருவிகள் வந்து, பாதி முடிந்த கூடுகளுக்குள் நுழைந்து சோதித்துப் பார்க்கின்றன. பிடித்தால் தங்குகின்றன. பிடிக்காவிட்டால் போய்விடுகின்றன, அந்தக் கூடு அப்படியே கைவிடப்படுகிறது. பெண் ஏற்றுக்கொண்ட பிறகு ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையை அழைக்கிறது. 1931இல் இந்த ஆய்வு வெளியானபோது பறவையியல் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. அடர்ந்த காட்டுக்கும் போகவில்லை. வேலையிழந்த ஒரு மனிதர் வீட்டருகே இருந்த மரத்தைப் பொறுமையாகப் பார்த்தார். எல்லோருடைய கண்ணிலும் படுகிற குருவியைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தார்.

சமஸ்தானங்களில் ஒரு கணக்கெடுப்பு

அடுத்த வழியையும் அவரே உண்டாக்கிக்கொண்டார். இந்தியாவின் பல சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று அதுவரை ஒழுங்காக யாரும் கணக்கெடுக்கவில்லை. தமக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவையும் பயணச் செலவையும் ஏற்றுக்கொண்டால் போதும் என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். ஹைதராபாத் நிஜாமின் ராஜ்ஜியத்தில் தொடங்கியது அந்தப் பயணம். பிறகு திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என நீண்டது. இடையில் நீலகிரியின் கோத்தகிரியிலும் சிறிது காலம் வாழ்ந்தார்.

இந்தக் காட்டு வாழ்க்கையில் தெஹ்மினா உடன் இருந்தார். இங்கிலாந்தில் படித்து நகரத்தில் வளர்ந்தவர் அவர். கூடாரத்தில் தங்கி, முகாமின் வரவு செலவையும் அன்றாட ஏற்பாடுகளையும் பார்த்துக்கொண்டார். கணவருடைய பெயர் வெளியே தெரிந்த அளவுக்கு அவருடைய உழைப்பு தெரியவில்லை. 1939இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எதிர்பாராமல் அவர் இறந்துபோனார். சாலிம் அலி நொறுங்கிப்போனார். பிள்ளைகள் இல்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. சகோதரியின் வீட்டில் தங்கிக்கொண்டு, மீதி வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே கொடுத்தார்.

அவர் நூலைவிடக் கண்ணை நம்பினார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹியூ விஸ்லர் என்பவர் பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர், பெரிய பறவையியலாளர். துடுப்புவால் கரிச்சானின் வால் இறகு எப்படி அமைந்திருக்கிறது என்பதில் பழைய நூல்களின் தவறு ஒன்று அப்படியே வழிவழியாக வந்துகொண்டிருந்தது. பெயர் தெரியாத ஓர் இந்தியர் அதைச் சுட்டிக்காட்டி எழுதியதும் விஸ்லருக்குக் கோபம் வந்தது. கழகத்தின் இதழாசிரியர்களுக்குக் காரமாகக் கடிதம் எழுதினார். பிறகு தம்மிடமிருந்த பறவைகளை எடுத்து மறுபடி சோதித்துப் பார்த்தார். சாலிம் அலி சொன்னதுதான் சரி. விஸ்லர் அதை ஒப்புக்கொண்டதோடு நெருங்கிய நண்பராகவும் ஆனார். சமஸ்தானக் கணக்கெடுப்புகளில் பேருதவி செய்தவரும் அவரே.

எளிய மக்களுக்கு ஒரு புத்தகம்

1941இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. அதுவரை பறவைப் புத்தகம் என்றால் அறிஞர்களும் வேட்டைக்காரர்களும் படிப்பது. இந்தப் புத்தகம் வண்ணப் படங்களோடு, சாதாரணப் படிப்புள்ளவர்கள் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்படி எழுதப்பட்டது. சிறையிலிருந்த ஜவஹர்லால் நேரு, மகள் இந்திராவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது இந்த நூலைத்தான்.

அதில் அவர் கையாண்ட வழி மிக எளிமையானது. ஒரு பறவை இத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால் நமக்குப் பிடிபடாது. அதனால் நமக்குத் தெரிந்த பறவைகளையே அவர் அளவுகோல் ஆக்கினார். சிட்டுக்குருவி அளவு, கொண்டைக்குருவி அளவு, மைனா அளவு, புறா அளவு, காகத்தின் அளவு, பருந்தின் அளவு. பார்க்கும் பறவை மைனாவைவிடச் சற்றுப் பெரிதா, சிறிதா என்று கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு அலகு எப்படி, வால் எப்படி, கால் நீளமா குட்டையா, தரையில் நடக்கிறதா தத்துகிறதா, என்ன தின்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை உடனே எழுதி வைக்க வேண்டும்.

இந்த முறையை நம் ஊர் ஏரிக்கரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோவை உக்கடம் பெரியகுளத்திலும் சென்னை சேத்துப்பட்டு ஏரியிலும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் சொன்னபடி தினமும் பலர் நடக்கிறார்கள். அந்த நடையிலேயே கண்ணைக் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் திருப்பினால் போதும்.

புறாவைவிடச் சிறியதாய், வாலே இல்லாததுபோல், தண்ணீரில் மூழ்கி வேறு இடத்தில் எழும்புவது முக்குளிப்பான். கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளைப் பட்டையுமாக நீந்துவது நாமக்கோழி. இறக்கையை விரித்துக்கொண்டு கட்டையில் அசையாமல் நிற்பது நீர்க்காகம். மூழ்கி மீன் பிடிக்கும்போது அதன் இறகு நனைந்துவிடும், அதனால் வெயிலில் உலர்த்துகிறது. சேற்று நிறத்தில் கரையோடு கரையாக உட்கார்ந்திருப்பது மடையான். பறக்க எழும்போதுதான் அதன் வெள்ளைச் சிறகு தெரியும். நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகள் மேல் நடப்பது இலைக்கோழி. இதில் அடைகாப்பது ஆண். மனிதர் பக்கத்தில் வந்தாலே கத்தி ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி. பெரிய அலகின் கீழே பையோடு மிதந்து வருவது கூழைக்கடா. கரையோரப் புல்தரையில் விசிறிக் கொண்டையோடு மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பது கொண்டலாத்தி. சுலைமான் நபியிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் என்று மதரஸாவில் பிள்ளைகள் படிக்கிற பறவை இதுதான். பெயரை ஓதித் தெரிந்துகொண்ட எத்தனை பிள்ளைகள் பறவையைக் கண்டிருக்கிறார்கள்?

துப்பாக்கியிலிருந்து பாதுகாப்புக்கு

சாலிம் அலியை நாம் குறையே இல்லாத மனிதராகக் காட்டத் தேவையில்லை. அவரே அதை விரும்பியிருக்க மாட்டார். இளமையில் அவருக்கு வேட்டையில் மிகுந்த ஆர்வம் இருந்தது. ஆய்வுக்காகவும் பல பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தினார். அந்தக் காலத்தில் பறவையியல் அப்படித்தான் நடந்தது. பதப்படுத்திய பறவையை ஆராயும் படிப்பிலிருந்து உயிரோடு வாழும் பறவையைக் கவனிக்கும் படிப்புக்கு நம் நாட்டை அழைத்து வந்தவர்களில் முதன்மையானவர் அவரே.

ராஜஸ்தானின் பரத்பூர் நகரை ஒட்டிய கேவலாதேவ் நீர்நிலை இந்த மாற்றத்துக்குச் சாட்சி. மன்னர்கள் மண்ணணை கட்டி, நீர் தேக்கி, மனிதக் கையால் உருவாக்கிய சதுப்பு நிலம் அது. வாத்து வேட்டைக்காகவே பராமரிக்கப்பட்டது. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. அந்த எண்ணைப் பெருமையாகக் கல்லில் பொறித்து வைத்தார்கள். கல் இன்றும் அங்கே இருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு அந்த நிலத்தை விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி பிரதமர் நேருவிடம் நேரடியாக எடுத்துச் சொல்லி அந்த நீர்நிலையைக் காப்பாற்றினார். பின்னர் அது தேசியப் பூங்காவானது. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஆனால் அதே பரத்பூரில் இன்னொன்றும் நடந்தது. பூங்காவுக்குள் கால்நடை மேய்வதைத் தடுக்க வேண்டும் என்பது சாலிம் அலியின் கருத்தாகவும் இருந்தது. 1982இல் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்துவந்த கிராம மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், எருமைகள் மேய்ந்ததால்தான் புல்லும் நீர்ச்செடியும் மண்டாமல் நீர்ப்பரப்பு திறந்திருந்தது என்றும், தடைக்குப் பிறகு நீர் மூடிப்போய்ப் பறவைகளுக்கே இடம் குறைந்தது என்றும் தெரியவந்தது. அந்த மக்களின் அனுபவ அறிவு சரியாக இருந்தது. பெரிய அறிஞரின் கணிப்பு தவறிப்போனது. வாழ்நாள் முழுதும் பார்த்துச் சோதித்துப் பிறகு பேசு என்று நடந்து காட்டியவர், இந்த ஒன்றில் சோதிப்பதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்டார். நீர்நிலையைக் காப்பது என்றால் அதைச் சுற்றி வாழும் மக்களையும் கேட்டுத்தான் காக்க முடியும் என்பது இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காடு தப்பியது; 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் கடற்கரையில் அவர் தடம்

நாகூருக்குத் தெற்கே, முத்துப்பேட்டைக்குக் கிழக்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது கோடிக்கரை. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் அங்குள்ள உப்பளங்களிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கில் இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் நடத்திய வலசை ஆய்வின் முக்கியமான மையங்களில் ஒன்று அது. வலையில் சிக்கிய பறவையின் காலில், எண்ணும் கழகத்தின் முகவரிக் குறிப்பும் பொறித்த சிறு உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவார்கள். அந்தப் பறவை எந்த நாட்டில் யார் கையில் அகப்பட்டாலும், வளையத்தைப் பார்த்துக் கடிதம் எழுதுவார்கள். இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எந்த வழியாகத் திரும்புகின்றன என்ற விவரம் இப்படித்தான் துண்டு துண்டாகச் சேர்ந்தது.

நம் மலையிலும் அவர் பெயர் இருக்கிறது. தேனி மாவட்டத்தின் மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், தனி இனம் என்று 1972இல் கண்டறியப்பட்டபோது அதற்கு இவருடைய பெயரைச் சூட்டினார்கள். உலகில் மிக அரிதான வௌவால்களில் ஒன்று அது. கோவை ஆனைக்கட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையமும் சாலிம் அலி பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அவருடைய பெரும்பணி, அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய இந்தியா, பாகிஸ்தான் பறவைகளின் கையேடு. 10 தொகுதிகள். முதல் தொகுதி 1968இல் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கடைசித் தொகுதி 1974இல் வந்தது. பலர் ஓய்வெடுத்துக்கொள்ளும் வயதில் அவர் தம் மிகப் பெரிய வேலையைச் செய்து முடித்தார்.

விருதுகள் நிறையவே வந்தன. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண். கல்லூரியை முடிக்காதவருக்கு 1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பிரிட்டிஷ் பறவையியல் சங்கம் 1967இல் தன் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது. பிரிட்டிஷ்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. உலகப் புகழ்பெற்ற பால் கெட்டி விருதுத் தொகையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஆக்கினார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதற்கு வைத்த தலைப்பு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும். எண்பதாண்டு வாழ்க்கைக்குப் பிறகும் அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டை அவர் மறக்கவில்லை.

புற்றுநோயோடு போராடி, 1987இல் தம் தொண்ணூறாவது வயதில் பம்பாயில் காலமானார். அவர் பிறந்த நவம்பர் 12ஆம் நாளை இந்தியாவெங்கும் பறவை ஆர்வலர்கள் தேசியப் பறவை நோக்கல் தினமாக நினைவுகூர்கிறார்கள்.

பிள்ளைகளோடு ஏரிக்கரைக்கு

மகாராஷ்டிராவில் முன்பு அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்ட நகருக்குள், டெல்லி வாசல் அருகே ஓர் ஏரி இருக்கிறது. மொகலாயர் காலத்தில் கிஸ்ரி தாலாப் என்று அழைக்கப்பட்ட அந்த ஏரிக்குப் பின்னர் சாலிம் அலி ஏரி என்று பெயர் வைத்தார்கள். பரபரப்பான ஒரு நகரத்தின் நடுவே, பூங்காவை ஒட்டி, பறவைகள் வந்திறங்கும் ஒரு நீர்நிலைக்கு இவர் பெயரைச் சூட்டியது மிகப் பொருத்தம்.

நம் ஊர்களில் இப்படிப்பட்ட குளங்களும் கண்மாய்களும் எத்தனை இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். சில பேருந்து நிலையமாகின. சில வீட்டுமனைகளாகின. மிச்சமிருப்பவற்றில் சாக்கடையும் குப்பையும் சேர்கின்றன. ஒரு குளத்தில் என்ன உயிர்கள் வாழ்கின்றன என்று யாருக்கும் தெரியாதபோது, அதை மூடும்போது கேட்கவும் யாரும் இருப்பதில்லை. இந்தக் குளத்தில் இந்த மாதம் இத்தனை வகைப் பறவைகள் இருந்தன என்று தேதியோடு எழுதிய ஒரு பள்ளிக்கூட நோட்டு, குளத்துக்காகப் பேசும் சாட்சி ஆகலாம். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பொதுமக்களே நடத்தும் பறவைக் கணக்கெடுப்பு அப்படிப்பட்ட முயற்சிதான்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஃபஜ்ர் தொழுது முடித்து, வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரம் மிக நல்லது. பளிச்சென்ற உடை வேண்டாம். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடந்தால் பறவையின் நிறம் சரியாகத் தெரியும். கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது. ரொட்டித் துண்டுகளை வீசக் கூடாது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வரும் விருந்தாளிகளும் இருப்பார்கள். உள்ளான், வாலாட்டி, தகைவிலான், வாத்து வகைகள் என்று பட்டியல் நீளும்.

நடக்கும்போது பிள்ளை கேட்கும், அது என்ன பறவை என்று. பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அமீருத்தீன் மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் தெரிந்தவரிடம் அனுப்பி வைத்தார். தெரிந்தவர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். பெற்றோரை இழந்து, தலைவலியோடு போராடி, தேர்வில் தட்டுத்தடுமாறிய ஒரு பிள்ளைக்கு வாழ்க்கைப் பாதை திறந்தது அந்த இரண்டு பெரியவர்களால். நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் நாம் பார்க்கிறோம். அவர்கள் எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறார்கள் என்பதையும் கவனித்து வந்தால், அடுத்த விடுமுறை நாளில் எங்கே அழைத்துப் போக வேண்டும் என்று நமக்கே தெரிந்துவிடும்.